பன்னிரண்டாவது ஃப்ரேம்

பன்னிரண்டாவது ஃப்ரேமில் நிறுத்திவிட்டு ஜெசிந்தா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் இரண்டரை மணி, சாலிகிராமத்தில் ஒரு மாடியின் பின்பக்க அறை, ஏசி தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது, டிபன் பாக்ஸில் பாதி எலுமிச்சை சாதம் மூடாமல் கிடந்தது. திரையில் ஒரு மனிதர் மொட்டைமாடித் தரையில் மல்லாக்கக் கிடந்தார். கட்டம் போட்ட லுங்கி, முன்வழுக்கை, தொந்தி, பக்கத்தில் பாதி உருண்டு நிற்கும் துணி வாளி. முதுகு தரையைத் தொட்டதிலிருந்து பன்னிரண்டு ஃப்ரேம், அதாவது அரை நொடிக்கும் ஒரு மயிரிழை கம்மி, அதற்குள் வெட்டிவிட வேண்டும் என்பது அவளே வைத்த அளவு. ‘அய்யோ பாவம்’ நிகழ்ச்சி ஐந்து வருஷமாக இந்த அளவில்தான் ஓடுகிறது. வழுக்கி விழுவதையும் தூணில் முட்டிக்கொள்வதையும் ஜனங்கள் போனில் பிடித்து அனுப்புவார்கள், அவள் வெட்டி ஒட்டி, பொத்தென்று ஒரு சத்தமும் பின்னாலேயே ஒரு கூட்டச் சிரிப்பும் சேர்த்துக் கொடுப்பாள், ஞாயிற்றுக்கிழமை ஊரே இட்லித் தட்டும் கையுமாக உட்கார்ந்து சிரிக்கும். பன்னிரண்டு வரைக்கும் விழுந்தவனுக்கு விழுந்தது தெரியாது, முகம் பழைய முகமாகவே இருக்கும், எங்கோ போய்க்கொண்டிருந்தவனின் முகம். பதின்மூன்றில் வலி முகத்துக்கு வந்து சேரும். அதற்கப்புறமும் சிரிக்க வேண்டுமென்றால் நெஞ்சில் ஈரம் இருக்கக் கூடாது. இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெரியாதது ஒன்றுதான். திரையில் கிடக்கிற அமலன், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், பதினோரு வருஷமாக அவளோடு ஒரு வார்த்தை பேசாதவன், பதின்மூன்றாவது ஃப்ரேமில் என்ன ஆனான் என்பது.

ஒரு பொத்தானைத் தட்டினால் தெரிந்துவிடும். தட்ட வேண்டியதுதானே, யார் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் அவனை அடையாளமே தெரியவில்லை, யாரோ ஒரு தொந்திக்காரர், இன்னொரு சோப்புத் தண்ணீர் வழுக்கல், வாரத்துக்கு நாலு வரும், வாளி உருளுவதற்கு எந்தச் சத்தம் போடலாம் என்றுதான் புத்தி போனது. பிறகு பின்னால் தள்ளி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தியபோது, கால் வழுக்குவதற்குச் சற்று முன்னால், அந்தத் தொந்திக்காரர் தாடையைக் கழுத்துக்குள் இழுத்துக்கொண்டார். நிஜமாக விழுகிறவன் அப்படிச் செய்ய மாட்டான், அவனுக்குத்தான் விழப்போவது தெரியாதே, அவன் கண் வேறெங்கோ இருக்கும், கை தாமதமாக விரியும், தலை கடைசியாகப் பின்னால் போகும். தாடையை முன்கூட்டி இழுத்துக்கொள்கிறவன் விழத் தெரிந்தவன். யாரும் இல்லாத மொட்டைமாடியில், எதன் மேலோ சாய்த்துவைத்த போனுக்கு முன்னால், திட்டம் போட்டு விழுகிறான். ‘தாடைய உள்ள இழுத்துக்கோ பாப்பா, இல்லன்னா பின்மண்டை போயிரும்.’ அந்தக் குரல் காதில் விழுந்த பிறகுதான் வழுக்கைக்குக் கீழே இருந்த முகம் தெரிந்தது. கன்னத்தில் சதை போட்டிருந்தது, மீசையை எடுத்திருந்தான், ஆனாலும் தாடை அதே தாடை. அப்பாவின் தாடை. அவளுக்கும் அதுதான், கண்ணாடியில் தினமும் பார்க்கிற சனியன்.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே அவன் அவளுக்கு விழச் சொல்லிக்கொடுத்தான். அவனுக்குப் பதினாறு, அவளுக்குப் பத்து. கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அமலனுக்கு வேலைக்காரன் வேஷம், முதலாளியிடம் நாலு இடத்தில் அடி வாங்க வேண்டும், நாடகம் போட்ட வாத்தியார் அவனுக்கு ரகசியத்தைச் சொன்னார், அவன் வீட்டுக்கு வந்து இவளுக்குச் சொன்னான். அடிக்கிறவன் தோளிலிருந்து கையை அகலமாக வீசிக் கன்னத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே கொண்டுபோக வேண்டும். அடி வாங்குகிறவன்தான் சத்தம் போட வேண்டும், நெஞ்சுக்குக் கீழே, யாரும் பார்க்காத இடத்தில், தன் இரண்டு கையையும் பளாரென்று தட்டி, தலையை அந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டும். சத்தம் அடிக்கிறவன் கையில் இல்லை, வாங்குகிறவன் கையில் இருக்கிறது. பத்து வயசில் இதைவிடப் பெரிய ரகசியத்தை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஒரே பளார் மயம். குழம்பில் உப்பில்லையா, பளார். பேனாவைக் காணோமா, பளார். அம்மா கரண்டியோடு ஓடி வருவாள், “கொலைகாரப் பாவிங்களா, பிள்ளைய ஏண்டா அடிக்கிற,” பிறகு இரண்டும் உருண்டு சிரிப்பதைப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போவாள், நாலாவது தடவையும் ஓடி வருவாள், பெற்றவளுக்குச் சத்தம் கேட்டால் கால் நிற்காது. ஞாயிறு காலையில் டிவியில் ஒரு கரடி கார்ட்டூன் வரும், கரடியின் தலையில் கல் விழும், இரும்பு விழும், ஒரு தடவை முழு பியானோவே விழுந்தது, தலையில் பன் மாதிரி ஒரு வீக்கம் எழும்பும், அடுத்த காட்சியில் வீக்கம் இருக்காது. ஜெசிந்தா ஒவ்வொரு வாரமும் அடுத்த காட்சியில் அந்த வீக்கத்தைத் தேடுவாள். எங்கே போச்சு அண்ணே என்று கேட்டால், அதுக்கு அம்மா ஒத்தடம் குடுத்துட்டா பாப்பா, நம்ம விளம்பரம் பாத்துக்கிட்டிருக்கும்போது, என்பான். இவள் நம்பினாள். நம்பாமல் என்ன, அண்ணன் சொன்னால் அது சரி.

இன்டர்காம் கிர்ரென்றது. தயாரிப்பாளர் தணிகாசலம், வயிறார சாப்பிட்ட குரல்.

“ஜெசி, ஓசூர்லேருந்து ஒரு மொட்டைமாடி க்ளிப் வந்திருக்கே, பாத்தியா? அதான் இந்த வாரம் ஓப்பனிங். நாலு மணிக்குள்ள குடுத்துரு.”

“பாத்துட்டிருக்கேன் சார்.”

“சிரிப்பு வருதுல்ல?”

“முழுசாப் பாக்கல சார்.”

“முழுசா எதுக்குப் பாக்கணும்? விழுற வரைக்கும் பாரு, போதும்,” என்றார் தணிகாசலம், அதுவும் தொழில்படி நியாயம்தான்.

ஓசூர். ஓசூரிலா இருக்கிறான். சின்னம்மா ஒரு தடவை பூனா என்றாள், ஒரு தடவை பெங்களூர் என்றாள், யாருக்கோ கல்யாணத்தில் பார்த்தேன் இளைத்துவிட்டான் என்றாள், எங்கே இளைத்தான், தொந்தி இருக்கிறதே, தொந்தியைப் பார்த்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி கூட வந்தது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான். முழுசாகப் பார்க்காமல் வெட்டுகிற ஆள் அவள் இல்லை, தணிகாசலத்துக்கு அது தெரியாது. கம்ப்யூட்டரில் ‘வேண்டாம்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறாள். ஒளிபரப்பக் கூடாதவை, மாடிப்படியில் விழுந்த பெரியவர், ஊஞ்சலிலிருந்து விழுந்து வாயில் ரத்தம் வந்த குழந்தை, மாப்பிள்ளையைத் தள்ளி விளையாடும்போது அடுப்புப் பக்கம் போன மச்சான். சாப்பாட்டு நேரத்தில் அதையெல்லாம் கடைசி வரைக்கும் போட்டுப் பார்ப்பாள். சேவியருக்கு, அவள் புருஷனுக்கு, இது பைத்தியக்காரத்தனம், சோறு எப்படித் தொண்டையில் இறங்குகிறது என்பான். இறங்கும். அந்த வீடியோக்களில் கைகள் வரும். பதினைந்தாவது ஃப்ரேமிலோ இருபதிலோ, ஓரத்திலிருந்து, வளையல் போட்ட கை, மாவு ஒட்டிய கை, செருப்பை உதறிவிட்டு ஓடி வருகிற கால், “ஐயோ அடி பட்டுச்சா” என்று ஒரு குரல். ஒளிபரப்பாகிற எல்லா வீடியோவிலும்கூட அந்தக் கைகள் வந்தவைதான், அவள்தான் வெட்டி எறிந்தாள், ஐந்து வருஷமாக வாரத்துக்கு முப்பது, விழுந்தவர்களைத் தூக்க வந்த அத்தனை கையையும் வெட்டியவள் அவள். அதைப் பார்க்கிற ஜனங்கள் என்ன நினைப்பார்கள், இந்த நாட்டில் விழுந்தால் தூக்க நாதியில்லை என்றா. ஒன்றும் நினைக்க மாட்டார்கள், அவர்களுக்கு இட்லி ஆறும். சிரிப்புப் பதிவில் ஒரு பெண் மட்டும் எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு ‘ஹி’ அதிகமாகச் சிரிப்பாள், அவளுக்குக் கலா அக்கா என்று பேர் வைத்திருக்கிறாள் ஜெசிந்தா. கலா அக்காவின் சிரிப்பை அண்ணன் விழுந்ததற்குப் பின்னால் ஒட்ட வேண்டுமா. கை விசைப்பலகைக்குப் போய்த் திரும்பி வந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. அதை நினைக்க வேண்டாம் என்றுதான் டிபன் பாக்ஸை மூடினாள், மூடி சரியாக உட்காரவில்லை, திரும்பத் திறந்து மூடினாள், அதற்குள் அந்த நாள் வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசினார்கள், யாரோ ஒரு அத்தை, “மகன் மூஞ்சியப் பாக்காம போயிட்டாரே,” என்றாள், ஜெசிந்தா சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, “மூணு நாளா அமலா அமலான்னுதான் கேட்டாரு அத்தை, துரைக்குத்தான் லீவு கிடைக்கல,” என்றாள். துரை என்று சொல்லியிருக்க வேண்டாம். லீவு நிஜமாகவே கிடைக்கவில்லை, அது அவளுக்குத் தெரியும், மேலாளரிடம் கெஞ்சியதை அவன் போனில் அழுதுகொண்டே சொன்னான், சொன்னது இவளிடம்தான். ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி தனியாக உட்கார்ந்திருந்த கோபம், அதை எங்கேயாவது கொட்ட வேண்டியிருந்தது, கொட்டுவதற்கு முப்பது பேர் நடுவில் அண்ணன் தலைதான் கிடைத்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவன் எதிரில் நின்றான். கை தோளிலிருந்து அகலமாக வந்தது. அகலமாக வந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். கோபத்தில் அடிக்கிறவன் கை குறுக்கே வெட்டிக்கொண்டு வரும், அமலனுக்கு வேறு அடி தெரியாது, அவன் வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை, அவன் கைக்குத் தெரிந்தது அந்த நாடகத்து வீச்சு ஒன்றுதான். அவள் அந்த வீச்சைப் பார்த்தாள், நெஞ்சு நிறைந்துபோனது, அடடா, அண்ணன் எனக்காக இந்த இடத்தைச் சிரிப்பாக்கப் பார்க்கிறான், நான் சொன்ன அசிங்கத்தைத் துடைக்கப் பார்க்கிறான் என்று. இரண்டு கையும் தானாக நெஞ்சுக்குக் கீழே போய்த் தட்டின. கன்னத்திலும் விழுந்தது. இரண்டு சத்தம். அவள் சிரித்தாள், வாய்விட்டு, கன்னம் எரிய எரியச் சிரித்தாள், ஏனென்றால் முகத்துக்குச் செய்தி வந்து சேர நேரமாகும். அவன் முகம் மாறியது. இரண்டாவது அடிக்கு வீச்சே இல்லை, குறுக்கே வந்தது, இடது காதில் மூன்று நாள் ரீங்காரம். பந்தியில் யாரும் சிரிக்கவில்லை. அவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான், அவ்வளவுதான், பதினோரு வருஷம்.

எத்தனை தடவை அதைப் பின்னால் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். சாம்பார் வாளி, துரை, வீச்சு, தட்டு, சிரிப்பு, அந்தக் குறுக்கு அடி. எங்கே வெட்டினால் சரியாக வரும் என்று பார்ப்பாள், தொழில் புத்தி. முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அவள் சிரிக்கிற இடம், அங்கே வெட்டி அதோடு நிறுத்திவிட்டால் எல்லாம் சரி, அண்ணனும் தங்கையும் விளையாடுகிறார்கள், முப்பது பேரும் மூக்கைச் சிந்திவிட்டு ரசம் கேட்பார்கள். நிற்காது, அடுத்தது வந்துகொண்டே இருக்கும். நீயே ஒரு போன் போட்டால் என்ன குறைந்துபோகும் என்று சேவியர் கேட்பான். என்ன குறைந்துபோகும். அடி வாங்கினவளே போன் போட வேண்டுமா. வாயைத் திறந்தவள் போட வேண்டாமா. அவன் போடட்டும். அவன் எப்படிப் போடுவான், கை நீட்டின வெட்கத்தில் இருப்பான். வெட்கமா, சிரிச்சாளே ராட்சசி என்ற கோபமா. இப்படியே சுற்றும், மாவு மெஷின் மாதிரி, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வேகம் கூடும், ஜனவரியில் குறையும். நடுவில் அவனுக்குக் கல்யாணம் ஆனதோ, பிள்ளை இருக்கிறதோ, பிள்ளைக்கு விழச் சொல்லிக்கொடுத்தானோ. வேலை நேரத்தில் ஒரு நல்ல வழுக்கலைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் அவள் இன்றைக்கும் வலது பக்கம் திரும்புகிறாள். வலது பக்கத்தில் சுவர்தான் இருக்கிறது. அவளுக்கு அண்ணன் வேண்டும். நியாயம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், யார் முதலில் என்ற கேள்வியே வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க அவன் வேண்டும். அது இவ்வளவு சாதாரண ஆசை என்பதில்தான் அவளுக்கு அழுகை வந்தது. இப்போது அவன் இதோ இருக்கிறான், ஒரு முழ தூரத்தில், மல்லாக்க. பதின்மூன்றில் அவன் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டால் பிழைத்தேன். எழாவிட்டால். மொட்டைமாடித் தரை சிமெண்ட், வயது நாற்பத்தாறு. தாடையை இழுத்தான், சரி, கையை எங்கே வைத்தான். கை முதுகுக்குக் கீழே இருந்தது, அவள் அதை இப்போதுதான் பார்த்தாள், வலது கை, மணிக்கட்டு தவறான பக்கம் மடங்கி. பொத்தானைத் தட்டிவிட்டாள்.

பதின்மூன்றில் அவன் முகம் சுருங்கியது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை, சுருங்கின முகத்தை அவன் இழுத்துப் பிடித்துச் சிரிப்பாக மாற்றப் பார்த்தான். போனைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். சிரிப்பு இரண்டு நொடி நின்றது, சரிந்தது, திரும்ப ஏற்றினான். பிறகு விட்டுவிட்டான். ஒருக்களித்து உட்கார்ந்து மணிக்கட்டை மடியில் வைத்து இன்னொரு கையால் பொத்திக்கொண்டான். ஓரத்திலிருந்து யாராவது வருவார்கள் என்று ஜெசிந்தா பார்த்தாள். பத்து நொடி, இருபது, முப்பது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் கேட்டது, துணிக்கொடியில் ஒரு காக்கா உட்கார்ந்துவிட்டுப் போனது, யாரும் வரவில்லை. நாற்பத்தோராவது நொடியில் அவன் முழங்காலில் நகர்ந்து போனுக்குப் பக்கத்தில் வந்தான், முகம் திரை முழுக்க நிறைந்தது, நரை விட்ட புருவம், கண் ஈரம், என்னமோ சொல்லப்போகிறவன் மாதிரி உதட்டை நனைத்தான். சொல்லாமல் அணைத்துவிட்டான். இதை வெட்டாமல் முழுசாக அனுப்பியிருக்கிறான். நிகழ்ச்சிக்கு அனுப்பினால் பத்து நொடிக்குள் அனுப்புங்கள் என்று போட்டிருக்கிறோமே, படிக்கவில்லையா. படித்திருப்பான். அவள் நேயர் படிவத்தைத் திறந்தாள். பெயர், அ. அமலன். ஊர், ஓசூர். விழுந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்ற இடத்தில், நானே. நிகழ்ச்சி பற்றி எப்படி அறிந்தீர்கள் என்ற இடத்தில், எல்லோரும் விளம்பரம் என்றோ நண்பர் மூலம் என்றோ எழுதுகிற இடத்தில், ‘கடைசியில் தங்கச்சி பேர் ஓடும். அதுக்காகப் பார்ப்பேன்’ என்று எழுதியிருந்தான். பெயர்கள் ஓடும்போது சேனல்காரர்கள் திரையைச் சுருக்கி ஓரத்தில் தள்ளிவிடுவார்கள், எழுத்து எறும்பு அளவுதான் தெரியும். டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் படிக்க முடியும்.

விழுந்தவரிடம் சம்மதம் கேட்டு நிகழ்ச்சியிலிருந்து ஒரு தடவை பேசியாக வேண்டும், அது ஆபீஸ் முன்னறையில் உட்காருகிற பெண்ணின் வேலை. ஜெசிந்தா தன் போனை எடுத்துப் படிவத்தில் இருந்த எண்ணை அழுத்தினாள். மூன்று தடவை மணி அடிக்கட்டும், எடுக்கவில்லையென்றால் வைத்துவிடலாம் என்று மனசு சொன்னது. இரண்டாவதிலேயே எடுத்துவிட்டான்.

“வணக்கம் சார், ‘அய்யோ பாவம்’ நிகழ்ச்சியிலேருந்து பேசறோம். நீங்க அனுப்பின வீடியோ கிடைச்சுது...” மேற்கொண்டு என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு மறந்துபோனது.

“ஜெசியா?”

“ம்.”

குக்கர் இல்லை, காக்கா இல்லை, அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

“கை என்னாச்சு?” என்றாள்.

“மாவுக்கட்டு போட்டிருக்கு. சின்ன விரிசல்தான், மூணு வாரத்துல சரியாயிரும்னாங்க.”

“இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?”

“வேற என்ன அனுப்புறதுன்னு தெரியல. தாடைய இழுத்துக்கிட்டேன், பாத்தியா?”

“பாத்தேன்.”

“சிரிச்சியா?”

“இல்லண்ணே. வரல.”

“அன்னிக்குச் சிரிச்சியே,” என்றான். குற்றம் சொல்கிற குரலாக இல்லை, பதினோரு வருஷமாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டேவிட்ட குரல். “எல்லார் முன்னாடியும். நான் அடிச்சேன், நீ என்னப் பாத்துச் சிரிச்ச.”

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது, அவனுக்குத் தெரியவே தெரியாது. தினமும் பின்னால் ஓட்டிப் பார்த்தவளுக்கு இத்தனை வருஷமும் அது தோன்றவில்லை.

“விளையாட்டுன்னு நெனச்சேன்ண்ணே. நம்ம பழைய அடின்னு நெனச்சேன். கையக்கூடத் தட்டினேன், உனக்குக் கேக்கல?”

பிறகு அவன் குரல் வந்தது, பதினாறு வயசுக்காரனின் குரலாக, ரொம்பச் சின்னதாக.

“ரெண்டாவதுமா?”

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆமாம் என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும், அவன் சிரிப்பான், அவளும் சிரிப்பாள், நாலு மணிக்கு க்ளிப்பைக் கொடுத்துவிடலாம்.

“இல்ல,” என்றாள் ஜெசிந்தா. “ரெண்டாவது வலிச்சுது.”